களைக்கு முன் அதன் பெயர் கீரை

ஆவணியில் இரண்டு மழை பெய்து, மல்லாட்டைக் கொல்லையில் செடி தரையை மூடிக்கொண்டு வரும் நேரத்தில் இரண்டாம் களை வெட்டுவார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர் எங்கள் நடுநாட்டு வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. வேர்க்கடலை என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை பிடித்துக் குந்தியபடி களைக்கொட்டால் கொத்திக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் என் ஆயாவும் இருப்பாள். அவள் பின்னால், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், நான்.

கொத்திய செடிகள் இரண்டாகப் பிரியும். கோரையும் அருகும் வரப்புக்குப் போகும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணை எல்லாம் ஆயாவின் மடிக்குப் போகும். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் அது மடி. மதியத்துக்குள் அந்த மடி ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோலப் புடைத்துவிடும். நான் அவசரத்தில் ஒரு செடியை வேரோடு இழுத்தால் கையில் அடி விழும்.

“நுனியக் கிள்ளுடி. வேரோட புடுங்குனா அடுத்த மழைக்கு என்னாத்தத் திம்ப?”

களை வெட்ட வந்த இடத்தில், வேரை விட்டு வைக்கச் சொல்கிறாளே என்று அப்போது குழம்பினேன். இப்போது எனக்கு 67 வயது. ரிஷிவந்தியத்தில் அதே கொல்லையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆயா சொன்னது ஒரு நீண்ட வரலாற்றின் கடைசிச் சொல் என்று இப்போது தெரிகிறது. அந்த வரலாற்றைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் கொல்லை மேட்டில் ஒரு புங்கமரம். அதன் கவட்டில் ஒரு மண்சட்டி எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். மதியம் ஆனதும் ஆயா அதை இறக்குவாள். மூன்று கல், காற்றுக்கு முதுகு காட்டி வைப்பாள். போன வருடத்துத் துவரை மார்தான் விறகு. அது சடசடவென்று எரியும், புகை குறைவு. சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர். அது கொதித்த பிறகுதான் கீரை. நாலு பல் பூண்டு, ஒரு பிடி சின்ன வெங்காயம், இரண்டு காய்ந்த மிளகாய், கோலியளவு புளி. ஊடுபயிராக நின்ற காராமணியில் பிஞ்சு இருந்தால் அதுவும் உள்ளே போகும். மூடி போடமாட்டாள். மூடினால் கீரை நிறம் கெட்டுவிடும் என்பாள். உப்பைக் கடைசியில்தான் போடுவாள், ஏனென்றால் மலைபோல் குவிந்த கீரை சுண்டி ஒரு கையளவு ஆகிவிடும். முன்னால் போட்டால் அளவு தப்பும். பிறகு சட்டியை இரண்டு கால் பாதங்களுக்கும் நடுவில் துணி வைத்து இறுக்கிக்கொண்டு மத்தால் கடைவாள். அந்தச் சத்தம் முதலில் தண்ணீர்ச் சத்தமாக இருக்கும், பிறகு கனத்து, ஒரு கட்டத்தில் மத்து தானாக நின்றுகொள்ளும். அதுதான் பதம். வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவந்த கேழ்வரகுக் களியைப் பூவரச இலையில் வைத்து, நடுவில் குழித்து, கீரையை ஊற்றித் தருவாள். களியை மெல்லக் கூடாது. விழுங்க வேண்டும்.

ஐந்தாறு செடிகள் கலந்த அந்தக் கீரைக்கு எந்தக் கடையிலும் பெயர் இல்லை. இன்றைய மழைக்கு எது முளைத்ததோ அதுதான் இன்றைய கீரை.

எங்கள் ஊரின் கதையே தோண்டுவதில்தான் தொடங்குகிறது. ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயிலில் லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்வது வழக்கம். தேன் வழியும்போது அதில் அம்மனின் உருவம் தெரியும் என்று சொல்லி, தீபத்தை உயர்த்திக் காட்டுவார்கள். அந்த லிங்கம் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஆயா ஒரு கதை வைத்திருந்தாள். இந்த ஊர் காடாக இருந்த காலத்தில் குறவர்கள் வள்ளிக்கிழங்குக்காக மண்ணைத் தோண்டினார்களாம், கிழங்குக்குப் பதில் சாமி தட்டுப்பட்டதாம், கையில் இருந்த தேனையும் தினைமாவையுமே படைத்தார்களாம். முருகனின் வள்ளி கதையும் இதே குழியிலிருந்துதான் எழுகிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். கிழங்கு தோண்டுகிறவர்களின் குழியில் தெய்வத்தை வைத்த மக்கள், கிழங்கு தோண்டுவதை ஒருகாலத்தில் இழிவாக நினைத்திருக்க முடியாது.

அதற்குப் பழைய சான்றும் உண்டு. பாரி ஆண்ட பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டிருந்தபோது கபிலர் பாடிய பாடல் புறநானூற்றில் 109ஆம் பாட்டாக இருக்கிறது. உழவர் உழாமலே பாரியின் மலை நான்கு பொருள்களை விளைவிக்கும் என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கழனியைச் சூழ்ந்து பட்டினி போட்டு ஒரு கோட்டையைப் பிடிக்கலாம், இந்த மலையைப் பிடிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். காட்டு உணவு அங்கே ஒரு நாட்டின் பலம். பாரி இறந்த பின் அந்தக் கபிலர் வந்து சேர்ந்தது எங்கள் பக்கத்துத் தென்பெண்ணைக் கரைக்கு. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராச சோழன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலக்கல் என்று இன்றும் காட்டுகிறார்கள். அதே ஆற்றங்கரையில், திருக்கோவிலூருக்கு மேற்கே, ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருப்பது அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர். பெருமலைப் பிளவில் விளைந்த நெல்லிக்கனியை ஒளவைக்குக் கொடுத்தவன். தமிழர் பள்ளிக்கூடம் தோறும் சொல்லித்தரும் மிகப் பெரிய கொடை, காட்டில் பறித்த ஒரு பழம்.

ஆற்றுக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தர்களுக்கு வழிநெடுக யார் என்ன சோறு போடுவார்கள் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. மூங்கிலரிசிச் சோறும், அவரை சேர்ந்த புளிக்கூழும் அந்த வரிசையில் வருகின்றன. விருந்தினருக்குத் தயங்காமல் போட்ட உணவு அது.

அதே சங்க இலக்கியத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், கிணைப்பறை கொட்டுபவனின் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். மலையில் பெருமையாக இருந்தது, ஊருக்குள் வந்ததும் கதவடைத்துத் தின்பதாகிவிட்டது. இரண்டும் ஒரே நாட்டில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில். இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவில்தான் நம் சமூகம் இன்றுவரை நிற்கிறது. எங்கள் தெருவிலேயே கீரை மடியோடு வரும்போது சில வீடுகளின் முன்னால் ஆயா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்வாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய பாட்டி தாது வருஷத்துப் பெண். 1876இல் தொடங்கி 1878 வரை மதராஸ் மாகாணத்தை அழித்த பஞ்சத்துக்கு ஊர்ப் பெயர் தாது வருஷப் பஞ்சம். 1877இல் பஞ்ச நிலையைப் பார்க்க அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் இருப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உழைப்பு உழைக்கிற உடம்புக்கு வெறும் தானியம் போதாது, அளவும் கூட வேண்டும், காய்கறியும் புரதமும் வேண்டும் என்றார். அதே ஆண்டுகளில் ஜான் ஷார்ட் என்ற மருத்துவர், பஞ்சத்தில் மக்கள் தின்னும் காட்டுச் செடிகளைப் பட்டியலிட்டு எழுதினார். அரசு எழுத்தில் இந்தச் செடிகள் இடம்பெற்றபோது அவற்றின் தலைப்பு ‘பஞ்ச உணவு’ என்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கதையில் அந்தப் பஞ்சம் வேறு விதமாக இருக்கிறது. ஏரி வற்றிய சேற்றில் அல்லிக் கிழங்கு எடுத்ததும், காட்டுக் கிழங்கை ஏழு தண்ணீர் மாற்றி வேகவைத்ததும், எது தின்னலாம், எது ஆகாது என்று தெரிந்த குடும்பம் பிழைத்ததும்தான் ஆயா கேட்டு வந்த கதை. செடி எல்லாருக்கும் பொதுவாக முளைத்தது. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் சிலர். நல்ல காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை பறித்தவளுக்குத்தான் கெட்ட காலத்தில் கிழங்கைத் தெரியும். பஞ்சம் வந்த பிறகு யாரும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது மலையில். 1980களில் சில ஆண்டுகள் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று எழுதிப் பழகியிருக்கிறார்கள். நான் பார்த்த மலை சாமையும் தினையும் கடுக்காயும் புளியும் தேனும் விளைந்த மலை. அங்கே வாழும் மலையாளி இனத்தார் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழிந்தும் அந்த மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நிலத்துக்கு வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்து மக்கள் வாழ்ந்தார்கள். 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. நான் போனபோது அந்த நினைவு ஆறாமல் இருந்தது. விளைந்ததில் பங்கு ஜாகிருக்குப் போன காலத்தில், கணக்கில் வராத சோறு காட்டில் தோண்டிய கிழங்குதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

என் மாணவி ஒருத்தியின் தாய் ஒருநாள் என்னைக் கிழங்கெடுக்கக் கூட்டிப்போனார். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்து மஞ்சளாகியிருந்தது. தரைக்கு மேலே நூல் மாதிரி ஒரு தண்டு மட்டும்தான் தெரிந்தது. அது நூறைக்கிழங்கு. தண்டை ஒட்டித் தோண்டாமல், ஒரு முழம் தள்ளி மேட்டுப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்திக் கையாலேயே அள்ளி அள்ளி வெளியே போட்டார். இடுப்பளவு குழி ஆனது. கிழங்கு உடையாமல் வெளியே வர முக்கால் மணி நேரம் பிடித்தது. எடுத்ததும் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை நாலு விரல் அளவுக்கு வெட்டி மறுபடி குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தார்.

“தலைய எடுக்கக் கூடாதுங்க டீச்சர். அடுத்த வருசம் இதே எடத்துக்கு நாங்கதான வரணும்.”

கொல்லையில் ஆயாவிடம் நான் வாங்கிய அடியும் மலையில் அந்த அம்மா சொன்னதும் ஒன்றே.

வழியில் புதருக்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ தெரிந்தது. நான் நின்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். செங்காந்தள். நம் மாநிலப் பூ. அதன் கிழங்கு ஏரின் வடிவில் வளைந்து, பார்ப்பதற்கு ஒரு நல்ல கிழங்கு போலவே இருக்கும். கண்வலிக்கிழங்கு என்று அதற்குப் பெயர். தின்றால் உயிர் போகும். இலையின் நுனி மெலிந்து சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது கண்வலிக்கிழங்கு, தொடாதே என்று அந்த ஊர் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தின்னக் கூடியதைக் காட்டுவதற்கு முன்பே கொல்லக் கூடியதைக் காட்டிவிடுகிறார்கள்.

பாறையோரம் சுள்ளி கூட்டித் தீ மூட்டினார்கள். தீ எரியும்போது கிழங்கை வைக்கவில்லை. எரிந்து அடங்கித் தணலாகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பிறகு மண் ஒட்டியிருந்தபடியே கிழங்கைத் தணலில் புதைத்து மேலே சாம்பலை மூடினார்கள். அரைமணி கழித்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து எடுத்து, தேக்கிலையில் தட்டினால் கருகிய தோல் சட்டை போலக் கழன்றது. உள்ளே வெள்ளையாக மாவு. கொஞ்சம் மலைத்தேன் தொட்டுத் தின்றோம். கசப்புக் கிழங்காக இருந்தால் இந்த வழி ஆகாது. அதை வேகவைத்துச் சீவி, ஓடும் தண்ணீரில் கூடையோடு ஊறப்போட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும். எந்தக் கிழங்குக்கு எந்த வழி என்பதுதான் அங்கே படிப்பு.

இன்று மலையிலும் கீழேயும் எங்கு பார்த்தாலும் மரவள்ளி. தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த கிழங்கு. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததுதான். இரண்டுக்கும் நம் மக்கள் வைத்த பெயரைப் பாருங்கள். வந்தவற்றுக்கு வள்ளி தன் பெயரைக் கொடுத்தது. இப்போது வெறும் வள்ளிக்கிழங்கு என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சர்க்கரைவள்ளியைக் காட்டுகிறார்கள்.

கீரை எப்படிப் போனது? பணப்பயிர் வந்ததால் போனது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மல்லாட்டையே பணப்பயிர்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குக் கப்பலேறியது. அந்தக் கொல்லையில்தான் நாங்கள் தொய்யக்கீரை கிள்ளினோம். பிறகு மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வந்தது. கரும்புத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் பொன்னாங்கண்ணி கிடைத்தது. பயிர் மாறியபோது கீரை போகவில்லை. களை எடுக்கும் கை விலகியபோதுதான் போனது.

இப்போது எங்கள் பக்கம் பெரும்பாலும் மக்காச்சோளம். விதைத்த மூன்றாம் நாளே, ஈரம் காய்வதற்குள், அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளித்துவிடுகிறார்கள். மற்றச் செடிகளில் பெரும்பாலானவை தலையெடுப்பதில்லை. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலி கட்டவில்லை, ஆளும் கிடைக்கவில்லை, அவர் என்ன செய்வார்? ஆனால் என்ன போயிற்று என்பதையாவது கணக்கில் எழுத வேண்டும். களை வெட்டும் பெண்ணுக்கு அந்த வேலையில் இரண்டு கூலி இருந்தது. ஒன்று காசு, மற்றொன்று மடியில் கீரை. காசுக் கூலி ஒப்பந்தத்தில் இருந்தது. கீரைக் கூலி யார் வாயிலும் வராமலேயே நடந்தது. மருந்து டப்பா வந்த வருடம் இரண்டும் ஒரே நாளில் நின்றன. நூறு நாள் வேலை வந்து காசு கொஞ்சம் ஈடானது. மடி ஈடாகவில்லை.

களை என்ற சொல் நம்மிடம் வள்ளுவருக்கு முன்பிருந்தே இருக்கிறது. ஆனால் ஆயா வாயில் அது வேலையின் பெயர். களை வெட்டப் போகிறேன் என்பாள். செடியைக் காட்டிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் சொல்வாள். மருந்து டப்பாவின் மேல் அச்சிட்ட பிறகுதான் அந்தச் செடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் ஆனது. பெயர் போன செடியை யாரும் தேடுவதில்லை.

மலையில் சட்டம் ஓரளவு கை கொடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் சேகரிக்கும் சிறு வனப்பொருள்களில் தேன், மூங்கில், மூலிகை ஆகியவற்றோடு வேரையும் கிழங்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சமவெளிக் கீரைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. அதற்கு வரப்பும் ஏரிக்கரையும் மந்தைவெளியும்தான் காப்பு. அவை நம் கையில்தான் இருக்கின்றன.

நல்ல அடையாளமும் உண்டு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அந்த நாளையொட்டி ஆற்றங்கரை ஊர்களில் சுருளிக்கிழங்கைக் குவித்து வைத்து விற்பார்கள். வருடம் முழுக்கக் கண்ணில் படாத கிழங்கு அன்று மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். வீட்டுக்கு ஒரு கிலோ வாங்காமல் யாரும் திரும்பமாட்டார்கள். திருவிழா ஒரு கிழங்கைக் காப்பாற்றியிருக்கிறது. கூட்டம் கூடி, பெயர் சொல்லி, விலை கேட்டு வாங்குகிற எந்தச் செடியும் அழியாது.

அதனால் உழுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மருந்து அடிக்கும்போது ஒரு வரப்பை மட்டும், வீட்டுக்குப் பக்கத்து வரப்பை, விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருப்பார். அடுத்த மழை பெய்து பத்து நாள் கழித்து அவரை ஒரு வரப்பு வழியாக நடத்திக் கூட்டிப்போங்கள், கூடவே ஒரு குழந்தையையும். தெரியாத எதையும் பறிக்க வேண்டாம். அவர் பெயர் சொல்லிக் காட்டுவதை மட்டும், நுனியை மட்டும், கிள்ளுங்கள். ஐந்து பெயர் தெரிந்துகொண்டு திரும்பினால் போதும்.

எங்கள் புங்கமரம் இன்னும் நிற்கிறது. சென்ற ஆவணியில் என் பேத்தியோடு அங்கே மூன்று கல் வைத்தேன். மக்காச்சோளத்துக்கு வெளியே, மருந்து படாத மேட்டு ஓரத்தில் தொய்யக்கீரை முளைத்திருந்தது. ஒரு சட்டி கடைய அது போதுமானதாக இருந்தது.